'ஆட்' காணாமல் போன ஆறு நிமிடங்கள்

வதந்தி என்னை வந்தடைந்த இடம் முடிவெட்டும் கடை.

"விஷயம் தெரியுமா சார்? பெரிய ஆஸ்பத்திரியில ஒரு அம்மா, மேனேஜர் மேல கோபம் வந்து, நட்டநடுப் பகல்ல மெயின் கேபிளையே புடுங்கி வீசிட்டாங்களாம். அது கூடப் பெருசில்ல. புடுங்குன பிறகும் போன் பேசுது, ஸ்கேன் ஓடுது, ஒண்ணுமே நிக்கலையாம்!"

சவரக்கத்தி என் தொண்டைக்குழி அருகே இருந்ததால் "அப்படியா" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த நிலையில் இருப்பவன் எவனும் ஆதாரம் கேட்க மாட்டான்.

அடுத்து தையல்கடை. அங்கே அந்த அம்மா கேபிளைக் கத்திரிக்கோலால் வெட்டியிருந்தார். மருந்துக்கடையில் பல்லால் கடித்திருந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது கேபிளை மேனேஜர் கழுத்தில் சுற்றியே விட்டார்கள். இன்னும் இரண்டு தெரு போனால் மேனேஜருக்கு இரங்கல் கூட்டம் நடந்து முடிந்திருக்கும் என்ற பயத்தில், நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன்.

பதிவு மேசையில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டார்: "எந்த டாக்டரைப் பாக்கணும்?"

"கேபிளைப் புடுங்கினவங்களை."

இப்போது நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "லைனக்காவையா? அவங்க டாக்டர் இல்லீங்க. ஆனா போன வியாழக்கிழமையிலேர்ந்து டாக்டரைவிட அவங்களைப் பாக்கத்தான் கூட்டம். மாடிப்படிக்குக் கீழ, இரும்புக் கதவு. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, இல்லன்னா திட்டுவாங்க."

வெளியே தார் உருகும் வெயில். இரும்புக் கதவைத் திறந்தால் உள்ளே பனிமலை. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அதில் அடுக்கடுக்காகக் கறுப்புப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி பச்சை விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையில், நாற்பத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடி கீழே விழாமலிருக்க அதைப் பழைய இயர்போன் ஒயரில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"நீங்கதான் கேபிளைப் புடுங்கினவங்களா?"

"எந்தக் கேபிள்? நான் ஒரு நாளைக்கு நாப்பது புடுங்குறேன்."

"கோபத்துல புடுங்கினது."

"அட கடவுளே! கோபத்துலயா? அன்னைக்கு எனக்கு இருந்தது பயம். கோபப்படுறதுக்கெல்லாம் நேரமே கிடைக்கலீங்க." நாற்காலியில் இருந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். "உக்காருங்க. முதல்ல ஒண்ணைத் திருத்திக்குங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி நிக்கவே இல்லைன்னு எவன் சொன்னான்? நின்னுச்சு. முழுசா ஆறு நிமிஷம் நின்னுச்சு. நின்னதுக்குக் காரணமும் நான்தான்."

இதுதான் வதந்தியின் அழகு. பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் ஊருக்குப் பரிமாறும். இனி நான் சொல்வது அந்த அம்மா சொன்னதும், அவருடைய கொழுந்தனார் குறுக்கே புகுந்து சொன்னதும், ஸ்கேன் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே உறுதி செய்ததும்.

லைனக்கா என்ற பெயர் போன் போர்டில் வந்தது. பதினாலு வருடம் இதே ஆஸ்பத்திரியின் தொலைபேசி போர்டில் உட்கார்ந்து "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று சொன்னவர். நூற்றுப் பதினெட்டு அறைகளின் எண்களும் மனப்பாடம். எந்த டாக்டர் பேசுகிறார் என்பதை 'ஹலோ' சொல்வதற்கு முந்தைய இருமலை வைத்தே கண்டுபிடிப்பார். ஒருநாள் போர்டைக் கழற்றிக் கொண்டு போனார்கள். போன்களெல்லாம் இனி கம்ப்யூட்டர் கேபிளிலேயே பேசும், ஆகவே நடுவில் ஆள் தேவையில்லை என்றார்கள். வீட்டுக்குப் போகிறீர்களா, இல்லை இந்தக் குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"ஏ.சி. ரூம்னு சொன்னதும் சரின்னுட்டேன். உண்மையைச் சொல்றேன், வேற ஒரு காரணமும் இல்லை."

உள்ளே வந்து பார்த்தால் எல்லாப் பெட்டிக்கும் ஸ்விட்ச் என்று பெயர். அதே ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் கொழுந்தனார் அன்றைக்கே வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாராம்: "அண்ணி, ஸ்விட்சுன்னா போட்டா எரியணும், அணைச்சா அணையணும். இதுல போடுறதுக்கும் வழியில்லை, அணைக்கிறதுக்கும் வழியில்லை. உங்களை ஏமாத்திட்டாங்க."

அண்ணி ஏமாறவில்லை. இந்தப் பெட்டி செய்வதும் தான் போர்டில் செய்ததும் ஒரே வேலை என்பதை மூன்றாம் நாளே பிடித்துவிட்டார். வந்ததை வாங்கு, யாருக்கு என்று பார், அவரிடம் சேர். அவ்வளவுதான். பெட்டிக்கு இருமல் தெரியாது, எண் மட்டும் தெரியும்.

ஒரே கேபிளைப் பல தனிப் பாதைகளாகப் பிரிக்கும் 'வீலான்' என்ற சொல்தான் ஒரு மாதம் தூங்கவிடவில்லை. அதைப் புரியவைத்தது அவருடைய கணவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இரவுச் சாப்பாட்டில் மனைவி ஒரே கேபிளில் போனும் ஸ்கேனும் எப்படி ஒன்றோடொன்று கலக்காமல் போகின்றன என்று புலம்ப, அவர் சொன்னாராம்: "இதுல என்னம்மா இருக்கு? என் பஸ்ல மூணு ஸ்கூல் பிள்ளைங்க வருது. கழுத்துல மஞ்சள் அட்டை, நீல அட்டை, சிவப்பு அட்டை. ஒரே பஸ், ஒரே ரோடு. ஆனா நீல அட்டைக்காரன் மஞ்சள் ஸ்கூல் கேட்ல இறங்க முடியாது. வாட்ச்மேன் கையில சீட்டு வச்சிருக்கான்ல, எந்தக் கலர் உள்ள வரலாம்னு."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் நோட்டில் எழுதிக்கொண்டாராம் லைனக்கா. அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். பத்து என்ற எண் டாக்டர்களின் போன். இருபது, நோயாளிப் பதிவு. முப்பது, ஸ்கேன் படம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அட்டை. கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும், அதாவது போர்ட்டுக்கும், ஒரு வாட்ச்மேன் சீட்டு. எல்லா அட்டைக்காரர்களும் சேர்ந்து போகும் பாதைக்கு டிரங்க் என்று பெயர். அதன் பக்கத்தில் கொழுந்தனாரின் கையெழுத்தில், 'டிரங்குப் பெட்டி அல்ல' என்றொரு குறிப்பு.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம். அதற்கு வேண்டியது ஒரே ஒரு விவரம். இந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடங்கள். முன்கட்டடத்தில் டாக்டர்கள், முற்றம் தாண்டிப் பின்கட்டடத்தில் ஸ்கேனும் பரிசோதனைக்கூடமும். இரண்டையும் இணைக்க இரண்டு கேபிள் போட்டிருந்தார்கள். ஆனால் ஓடியது ஒன்றுதான்! இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒரே செய்தி செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். அதனால் ஸ்விட்ச்சே ஒன்றை மூடி வைத்துவிட்டது. எட்டு வருடமாக அந்த இரண்டாவது கேபிள், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போல, ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தது.

காலை பத்து மணிக்கு ஸ்கேன் படங்கள் கூட்டமாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் மலை கனம். ஒற்றைக் கேபிள் மூச்சுத் திணறும். அதே பாதையில் போகும் போன் குரல்கள் துண்டு துண்டாகும். "டாக்டர், இடது கா... கா... கா..." காலா, காதா என்று தெரியாமல் மூன்றாம் மாடியில் ஒரு டாக்டர் கத்திக்கொண்டிருப்பார்.

மேனேஜர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியிலிருந்து ஒரு கம்பெனியைக் கொண்டுவந்து குளிர் அறையை மொத்தமாக அவர்களிடம் கொடுத்துவிடுவது. லைனக்காவை ஸ்டோருக்கு அனுப்புவது.

"ஸ்டோர்ல என்ன சார் வேலை?"

"கையுறை எண்ணணும். பொறுப்பான வேலைம்மா."

கொழுந்தனார் ஆறுதல் சொன்னாராம்: "நல்ல வேலைதான் அண்ணி. இடது கையும் வலது கையும் சமமா இருக்கான்னு பாத்தா போதும்." அன்றைக்கு அண்ணி அவருக்கு டீ கொடுக்கவில்லை.

போர்டிலும் இந்த அறையிலுமாக இருபத்தைந்து வருடம் ஆளுக்கு ஆள் பேச்சைச் சேர்த்து வைத்த மனுஷி. கையுறை பேசாது. லைனக்கா மேனேஜர் அறைக்குப் போய் நின்றார். "சார், புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம். இருக்கிற ரெண்டு கேபிளையும் ஒண்ணாக் கட்டித் தர்றேன். ரெண்டும் ஓடும். ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு தாங்கும்."

"அறுந்தாலும் போன் கட் ஆகாதா?"

"ஆகாது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. வியாழக்கிழமை காலையில பத்தரை மணி. நல்லா பீக் நேரம். கம்பெனி ஆளையும் பக்கத்துல வச்சுக்கிறேன். நான் காட்டுற கேபிளைப் புடுங்கணும். போன் நின்னா நீங்க ஸ்டோர். நிக்கலைன்னா உங்க ரூம் உங்களுக்கு."

ஆக, பந்தயத்தில் வைக்கப்பட்டது ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு கம்பளிச் சட்டை. எனக்குத் தெரிந்து இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு நாடுகளே சண்டை போட்டிருக்கின்றன.

புதன்கிழமை மதியம் வேலை தொடங்கியது. இரண்டு கேபிளையும் ஒரே குழுவாகக் கட்டுவதில் இரண்டு வகை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு 'நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு' என்று கட்டிவிடுவது ஒன்று. அதில் ஒரு பக்கம் கோளாறானால் மறுபக்கத்துக்குத் தெரியாமலே போகலாம். லைனக்கா எடுத்துக்கொண்டது மற்றது. இதில் இரண்டு முனையிலும் உள்ள ஸ்விட்ச்சுகள் ஒவ்வொரு கேபிளிலும் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். "நான் இருக்கேன், நீ இருக்கியா?" "இருக்கேன், இருக்கேன்." பதில் வரும் கேபிள் மட்டும் குழுவில் சேரும். பதில் நின்றால் அந்தக் கேபிளுக்கு அந்தக் கணமே கல்தா. போர்டில் பதினாலு வருடம் "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டவருக்கு இது தாய்மொழி மாதிரி இருந்தது.

கட்டி முடித்தார். விளக்குகள் எரிந்தன. ஆனால் குழு உருவாகவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தார். இரண்டு ஸ்விட்ச்சும் பேசவே இல்லை. காரணம் பிறகு தெரிந்தது: ஒன்றில் எழுதியதை அப்படியே மற்றதிலும் ஒட்டியிருந்தார். இரண்டிலும் 'கேட்டால் பேசு' என்று இருந்தது. அவர் கேட்கட்டும் என்று இவர், இவர் கேட்கட்டும் என்று அவர். சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி, இரண்டும் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு மௌன விரதம்.

"முன்கட்டடத்து ஸ்விட்ச்சை மட்டும் 'நீயே முந்திப் பேசு'ன்னு மாத்தினேன். அவ்வளவுதான் சார்! மூணே செகண்டு. ரெண்டு கேபிளும் தோள்மேல கை போட்டுக்கிச்சு. நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சுக் கை தட்டினேன். தனியாத்தான் இருந்தேன். இருந்தாலும் தட்டினேன்."

பத்து, இருபது, முப்பது மூன்றையும், தான் ஸ்விட்ச்சுக்குள் நுழையும் நிர்வாகப் பாதையின் எண்ணையும் குழுவின் சீட்டில் எழுதினார். தனித்தனிக் கேபிளில் எழுதக் கூடாதாம். குழுவுக்குத்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் கேபிள்கள் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறிவிடும். எல்லாவற்றையும் சேமித்து, கதவைப் பூட்டி, வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேன் கூட்டம் கிளம்பியது. போனில் ஒரு சின்ன இழுப்புக்கூட இல்லை! ஒரு படம் ஒரே கேபிளில்தான் போகும். ஆனால் படங்கள் ஆளுக்கொரு கேபிளாகப் பிரிந்துகொண்டன. ஸ்கேன் டாக்டரம்மா போன் பண்ணி, "லைனக்கா, இன்னைக்கு லீவு நாளா? இவ்வளவு சுத்தமா கேக்குது!" என்றாராம்.

பத்து இருபதுக்கு மேனேஜர் வந்தார். கூடவே கம்பெனி ஆள். இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் டை, தோளில் பை. மேனேஜர் லைனக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதானே? பின்கட்டடத்து வெயிட்டிங் ஹால்ல புது டிவி வச்சிருக்கோமே, அதுவும் ஓடும்ல?"

லைனக்காவுக்குச் சுரீரென்றது. டிவி! நாற்பது என்ற எண். பார்க்க வந்தவர்களை வரவேற்று மேனேஜரே பேசும் படம் நாள் முழுக்க ஓடும் டிவி. போன வாரம்தான் வைத்தார்கள். சீட்டில் நாற்பதை எழுதவே இல்லை.

"ஒரு நிமிஷம் சார். சேர்த்துடுறேன்."

"சீக்கிரம்மா. பத்தரைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம்தான்."

முதுகுக்குப் பின்னால் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும்போது தட்டச்சு செய்து பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். லைனக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, அதே கேபிள்களின் வழியாகப் பின்கட்டடத்து ஸ்விட்ச்சுக்குள் நுழைந்தார். 'இந்தக் குழுவில் வரலாம்: நாற்பது' என்று அடித்தார். எண்ணுக்கு முன்னால் 'ஆட்' என்று ஒரு சொல் போட வேண்டும். சேர் என்று பொருள். அதைப் போட்டால், இருக்கிற சீட்டில் நாற்பதும் சேரும். போடாவிட்டால் வாட்ச்மேன் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டில் ஒரே ஒரு எண்ணை எழுதிக்கொள்வான். நாற்பது. மற்ற யாரும் உள்ளே வர முடியாது.

என்டர் தட்டினார்.

ஊரில் ஒரு ஆடு காணாமல் போனால் நாலு பேர் தேடுவார்கள். இந்த 'ஆட்' காணாமல் போனதற்கு ஒரு ஆஸ்பத்திரியே தேடியது. போன் நின்றது. பதிவு நின்றது. ஸ்கேன் படம் பாதி மண்டையோடு நின்றது. லைனக்காவின் திரையும் உறைந்தது. அவர் உள்ளே நுழைந்த பாதையும் அந்தச் சீட்டில் இல்லாத ஒரு எண்தானே! உட்கார்ந்திருந்த கிளையை அவரே வெட்டிவிட்டார். பின்கட்டடத்து ஸ்விட்ச்சை இனி எட்டித் தொட முடியாது. நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார் பாருங்கள்! வெறுங்காலில்! செருப்பு கதவுக்கு வெளியே இருந்தது, அதை மாட்ட எவனுக்கு நேரம்? ஓடிக்கொண்டே கொழுந்தனாருக்கு மொபைலில் அடித்தார்.

"பின்கட்டடத்து ரேக் கதவைத் திறந்து வைங்க, ஓடி வர்றேன்!"

"எந்த ஸ்விட்சு அண்ணி?"

"எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க! கதவை மட்டும் திறங்க!"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா? நேத்து சேமிச்சது திரும்பி வரும்ல?"

"அது எந்திரிச்சுப் பல் விளக்கிக் குளிச்சுட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும். நான் வர ரெண்டு நிமிஷம்!"

முற்றத்தில் கொதிக்கும் சிமென்ட். கம்பளிச் சட்டையோடு ஒரு அம்மா ஓட, பின்னால் டை தோளுக்கு மேல் பறக்க ஒரு இளைஞர் ஓட, அதற்கும் பின்னால் மேனேஜர் ஓட்டமும் இல்லாத நடையுமில்லாத ஒன்றைச் செய்துகொண்டு வர, ஜன்னல்களிலெல்லாம் நோயாளிகள். வெயிட்டிங் ஹாலைத் தாண்டும்போது மேனேஜர் ஒரு கணம் நின்றார். டிவி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. "எங்கள் சேவை ஒரு நொடியும் நிற்காது" என்று திரையில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது ஓடுதே?" என்றார் நம்பிக்கையோடு.

"அது மட்டும்தான் சார் ஓடுது," என்றார் கொழுந்தனார், கதவைப் பிடித்தபடி.

லைனக்கா ரேக் முன்னால் மண்டியிட்டார். ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேச ஒரு தனிக் கேபிள் வேண்டும், கன்சோல் கேபிள். கையைப் பார்த்தார். லேப்டாப் இருந்தது. கன்சோல் கேபிள் முன்கட்டடத்தில், மேசை இழுப்பறையில், பத்திரமாக.

"அந்த நிமிஷம் சார், ஸ்டோர் வாசனையே எனக்கு வந்துடுச்சு. ரப்பர் வாசனை."

அப்போது முகத்துக்கு நேராக ஒரு நீலக் கேபிள் நீண்டது. டை கட்டியவர் பையிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். இவர் தோற்றால் யாருடைய கம்பெனிக்கு இந்த அறை போகுமோ, அந்தக் கம்பெனியின் ஆள்!

மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீங்க யாரு பக்கம்?"

"இப்போதைக்கு ஸ்விட்ச் பக்கம் சார். அக்கா, 'ஆட்' விட்டுட்டீங்கதானே? நான் என் முதல் வேலையில ஒரு பேங்கையே நிறுத்தினேன். மாட்டுங்க, மாட்டுங்க!"

மாட்டினார். பத்து, இருபது, முப்பது, நிர்வாகப் பாதை, எல்லாவற்றையும் சீட்டில் திரும்ப எழுதினார். ஒவ்வொரு வரியிலும் 'ஆட்', 'ஆட்', 'ஆட்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாராம். கொழுந்தனார் ஏதோ தாளம் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறார். கடைசி என்டருக்கு மேசைப் போன் அலறியது. மூன்றாம் மாடியில் யாரோ திட்டிக்கொண்டே உயிர் பெற்றார். ஆறு நிமிடம்.

மேனேஜர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். "சரிம்மா. பாத்தாச்சு. போன் நின்னுச்சு. பேச்சுன்னா பேச்சு."

லைனக்கா எழுந்தார். உள்ளங்கால் எரிச்சலில் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றார். ஆனால் குரல், போர்டில் பதினாலு வருடம் பெரிய டாக்டர்களையே காக்க வைத்த குரல்.

"லைன்ல இருங்க சார். பேச்சு என்ன? நீங்க காட்டுற கேபிளைப் புடுங்கணும், அப்ப போன் நிக்கக் கூடாது. அதுதானே? மணி பத்தரைக்கு மேல ஆச்சு. நீங்க இன்னும் எந்தக் கேபிளையும் காட்டவே இல்லையே?"

மேனேஜர் டை கட்டியவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"இப்ப நின்னது என் விரலால. கேபிளால இல்லை. என் விரலுக்குத் தண்டனை கொடுக்கிறதா இருந்தா அப்புறம் பேசிக்கலாம். இப்ப கேபிளைக் காட்டுங்க."

இதற்குள் சத்தம் கேட்டு ஸ்கேன் டாக்டரம்மா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. ரேக் பக்கத்துப் போனை எடுத்து, மூன்றாம் மாடி எலும்பு டாக்டரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். "டாக்டர், ஒரு ரிப்போர்ட்டை வாசிக்கிறேன். நான் நிறுத்தச் சொல்றவரைக்கும் நீங்க திருப்பிச் சொல்லிக்கிட்டே இருங்க. ஏன்னு கேக்காதீங்க."

மேனேஜர் மேலே இருந்த கேபிளைக் காட்டினார். லைனக்கா கிளிப்பை அமுக்கினார். உருவினார். மேல் விளக்கு அணைந்தது. கீழ் விளக்கு படபடவென்று துடித்தது.

"...தொடை எலும்... கீழ்முனையில் சிறிய விரிசல், மூட்டு சரியாக உள்ளது..." மேலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

குரல் நிற்கவில்லை! மேல் கேபிளைத் திரும்பச் செருகினார். இரண்டு ஸ்விட்ச்சும் நலம் விசாரித்து முடிக்கும் வரை காத்திருந்தார். மேனேஜர் கேட்காமலேயே கீழ்க் கேபிளையும் உருவிக் காட்டினார். இந்த முறை ஒரு எழுத்துகூட விழவில்லை. கொழுந்தனார் விசிலடித்தார். ஆஸ்பத்திரி என்று யாரோ நினைவூட்டினார்கள்.

"ஒரே ஒரு 'பு'தான் போச்சு," என்று என்னிடம் சிரித்தார் டாக்டரம்மா. "எலும்புல ஒரு 'பு'. அதுக்குக் கட்டுப் போட வேண்டியதில்லை."

மேனேஜர் கடைசியாகக் கம்பெனி ஆளிடம் திரும்பினார். "நீங்க வந்தா இதைவிட நல்லாச் செய்வீங்களா?"

"இதையேதான் செய்வோம் சார். ஆனா உங்க டிவி நாப்பதாம் நம்பர்னு கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆகும்."

அந்தப் பதிலோடு மேனேஜர் முன்கட்டடத்துக்குத் திரும்பி நடந்தார். அறை லைனக்காவிடமே இருந்தது. திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், நானே படித்தேன்: 'கேபிள் அறையில் பணி நடக்கும்போது பணியாளரின் முதுகுக்குப் பின்னால் எவரும் நிற்கலாகாது.' கையொப்பம், மேனேஜர். இந்த மனிதரை இதுவரை கேலி செய்து எழுதியதற்காக எனக்கு லேசான வருத்தம் வந்த ஒரே இடம் இதுதான். அந்த வருத்தம் மதியச் சாப்பாடு வரை தாங்கியது.

ஆக, முடிவெட்டும் கடைக்கு என் தீர்ப்பு: கேபிளைப் பிடுங்கியது உண்மை. பகலில் என்பதும் உண்மை. கத்திரிக்கோல், பல், கழுத்து மூன்றும் பொய். ஒன்றும் நிற்கவில்லை என்பது, எந்த நிமிடத்திலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கிளம்பும்போது சட்டத்தின் ஓரத்து ஆணியில் ஒரு நீலக் கேபிள் சுருட்டித் தொங்குவதைப் பார்த்தேன். அந்தத் தம்பியுடையதா என்று கேட்டேன். லைனக்காவின் முகம் முதல் முறையாகச் சுருங்கியது.

"அந்த அவசரத்துல உருவினேன் பாருங்க, அதுல கிளிப் உடைஞ்சு போச்சு. இரவல் வாங்கினதை உடைச்சுக் குடுக்கலாமா? பழைய தலையை வெட்டிப் போட்டுட்டு நல்லதா ஒரு புதுத் தலை மாட்டினேன். இப்ப முன்னைவிட நல்லா வேலை செய்யுது."

"அப்புறம் என்ன? குடுத்துட வேண்டியதுதானே?"

"குடுத்தேனே! அவங்க கம்பெனி ஸ்டோர்ல வாங்க மாட்டேங்கிறாங்களாம். நம்பர் ஒட்டின ஸ்டிக்கர் இருந்தாத்தான் திரும்ப எடுத்துப்பாங்களாம். அந்த ஸ்டிக்கர் நான் வெட்டிப் போட்ட துண்டுல இருந்திருக்கு. புதுக் கேபிளே வாங்கித் தர்றேன்னேன். அதுலயும் அந்த நம்பர் இருக்காதேங்கிறான். குப்பைக்கூடையை மூணு தடவை கவுத்துப் பாத்துட்டேன். பாவம், அந்தப் பிள்ளை பேருல அங்க இன்னும் பாக்கின்னு நிக்குதாம். நேத்துகூட வந்தான். டீ குடிச்சான், ஸ்டிக்கர் கிடைச்சுதாக்கான்னு கேட்டான், போயிட்டான்."

கேபிளில் ஒரு துண்டுக் காகிதம் கட்டியிருந்தது. லைனக்காவின் கையெழுத்து: 'இரவல். திருப்பித் தர வேண்டும்.'